வாம்பயர் மூழ்கின கடலும் பேய்ப்படம் பாக்கிற நாங்களும்

மட்டக்களப்பு எண்டு வெளியூரில சொன்னா உடனே வாற கேள்வி ஒண்டு இருக்கு. "உங்கட ஊரில ஆக்களைப் பாயோட ஒட்டவச்சிருவாங்களாமே, உண்மையா?" கொழும்பில வாடகைக்கு அறை தேடிப் போனாலும் கேப்பாங்க, கம்பஸில முதல் நாளும் கேப்பாங்க. மந்திரம், மை, செய்வினை, பாய். எங்கட ஊரைப் பத்தி மத்தவங்க வச்சிருக்கிற கதையே ஒரு ஹொரர் படம்தான். அதில நாங்க வில்லன்கள். முந்தி விளக்கம் சொல்லிக் களைச்சம். இப்ப "ஓம், பாய் கொண்டுவந்திருக்கம், இருங்க" எண்டு சொல்லிருவம். கேட்ட ஆள் அரைச் செக்கன் யோசிப்பார் பாருங்க, அந்த அரைச் செக்கனுக்காகத்தான் நாங்க திகில் கதைகளை நேசிக்கிறம்.

நாங்க எண்டா ஐஞ்சு பேர். கல்லடியில ரெண்டு, நாவற்குடாவில ஒருத்தன், காத்தான்குடியில ஒருத்தன், வாவிக்கு அங்கால படுவான்கரையில ஒருத்தி. ஒருத்தன் போன் திருத்திற கடையில நிக்கிறான். ஒருத்தி முன்பள்ளி ரீச்சர். ஒருத்தன்ட வீட்டில எல்லாரும் கடலுக்குப் போறவங்க. மிச்ச ரெண்டு பேரும் படிச்சு முடிச்சிட்டு வேலைக்கு விண்ணப்பம் போடுறதையே வேலையா வச்சிருக்கம். எங்களை ஒண்டாச் சேர்த்தது அரசியலும் இல்ல, கிரிக்கெட்டும் இல்ல. பேய், ரோபோ, வேற்றுக்கிரகம், செத்தவன் எழும்பி வாறது, காலத்தில பின்னுக்குப் போறது. இதுகளைப் பத்திக் கதைக்க ஊரில வேற ஆள் கிடைக்காம ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சம்.

படம் பாக்கிறது பகல் ரெண்டு மணிக்கு. சிரிக்காதீங்க. படுவான்கரைக்காரி இருட்ட முதல் வீடு போய்ச் சேரவேணும். பேய்ப்படத்துக்கு இருட்டு வேணும். ரெண்டுக்கும் நடுவில நாங்க கண்டுபிடிச்ச வழி, யன்னலுக்குப் படங்கு கட்டிறது. வெளியில வெயில் கொளுத்தும், உள்ள பேய் அலறும், எல்லாரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு இருப்பம். எங்கட வீட்டில ஒரு அம்மம்மா இதப் பாத்துட்டு, "உச்சி நேரந்தான் மனே மெய்யாப் பேய் நடமாடுற நேரம், தெரிஞ்சுதான் பாக்கிறீங்களா?" எண்டு கேட்டா. ஹொலிவூட்டுக்குத் தெரியாத விசயம் அது. எங்கட பேய்களுக்கு நடுச்சாமம் மட்டுமில்ல, நடுமத்தியானமும் சொந்தம்.

2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் இல்லாமப் போன நேரத்திலயும் நாங்க விடல்ல. லப்டொப் பற்றரி ரெண்டு மணித்தியாலம்கூட நிக்காது. அதால அந்தக் காலத்தில பாத்ததெல்லாம் நீளம் குறைஞ்ச படங்கள். ஒருக்கா ஆசை விடாம 'ஏலியன்' போட்டம். 1979இல வந்த படம், 117 நிமிசம். கடைசிப் பத்து நிமிசத்துக்கு முதல் பற்றரி செத்துப்போச்சு. ரிப்லி தப்பினாவா இல்லையா எண்டு தெரியாம மூண்டு நாள் பெற்றோல் கியூவில நிண்டம்.

சரி, எங்கட அபிப்பிராயங்களுக்கு வருவம். இதுகளுக்காக அடிபடவும் தயார்.

முதலாவது, தமிழ்ப் பேய்ப்படம். 'முனி', 'காஞ்சனா', 'அரண்மனை' எண்டு வரிசையா வந்ததில பேய் எண்டா சிரிப்பு எண்டு ஆகிப்போச்சு. பேய் வந்தா குடும்பமே கட்டிலுக்கு அடியில போகும், ஆள் மேல ஆள் விழும். இதில எங்களுக்குக் கோவம் இல்ல. குடும்பத்தோட இருந்து பாக்க அது நல்லம். ஆனா அந்தப் படங்கள் எல்லாத்திலயும் ஒரே எலும்புக்கூடு இருக்கு. இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாஷ்பேக் வரும். அதில ஒரு அப்பாவி கொல்லப்படுவார். அவர் பேயா வந்து கொன்றவனைத் தேடிப் பழிவாங்குவார். பழி தீர்ந்தாப் பிறகு வெளிச்சமாகிப் போயிருவார்.

யோசிச்சுப் பாத்தா அது ஒரு நீதிமன்றம். சாட்சி, விசாரணை, தீர்ப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கிற, தவணை போடாத ஒரே நீதிமன்றம். 'காஞ்சனா' 2011இல வந்தபோது, காணி பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கைக்குப் படத்தில கிடைச்ச நியாயத்தைப் பாத்துத் தியேட்டரே கைதட்டினது. வெளியில அதே ஆக்கள் திருநங்கையைக் கண்டா எப்பிடி நடப்பாங்க எண்டது வேற கதை. நியாயம் கிடைக்காத இடத்தில மனிசர் பேயை உண்டாக்கிறாங்க எண்டது எங்கட கட்சி.

ஆனா இந்தக் கட்சியை எங்கட ஊரில வச்சுப் பாத்தா ஒரு இடத்தில உடையுது.

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில இருந்த அகதிமுகாமில 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவங்க திரும்பி வரல்ல. அந்த மாதிரி எத்தனையோ நாள், எத்தனையோ இடம். இத்தனை அநியாயம் நடந்த மாவட்டத்தில, தமிழ்ப்பட விதிப்படி பாத்தா, ஒழுங்கைக்கு ஒழுங்கை பேய் நிக்கவேணும். நாங்க தேடினம். ஊர்க்கதைகளில மோகினி இருக்கா, கொள்ளிவாய்ப்பேய் இருக்கு, புளியமரத்தில தூங்கினவன் இருக்கான். காணாமல் ஆக்கப்பட்டவங்க பேயா வந்ததா ஒரு கதைகூட எங்களுக்குக் கிடைக்கல்ல.

எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு மாமிதான் இதுக்குப் பதில் சொன்னா. நாங்க கேட்டுச் சொல்லல்ல, தானாத்தான் சொன்னா. அவட புருசன் போய் முப்பது வருசத்துக்கு மேல. இண்டைக்கும் பொட்டு வைக்கிறா. திவசம் செய்யிறதில்ல. "திவசம் செஞ்சா அவரை நானே கொன்ட மாதிரி" எண்டா.

அப்பதான் விளங்கிச்சு. பேயாகிறதுக்கும் ஒரு சாவு வேணும். உடம்பு வேணும், நாள் வேணும், அழுது முடிச்ச ஒரு வீடு வேணும். இதெதுவும் இல்லாதவங்களுக்குப் பேயாகக்கூட உரிமை கிடையாது. 2016இல நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்திச்சு. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பம் வேறொரு சான்றிதழ் எடுக்கலாம். அந்தக் கடதாசி ஆள் இல்லை எண்டு சொல்லும், செத்துட்டார் எண்டு சொல்லாது. உயிருக்கும் சாவுக்கும் நடுவில மூண்டாவதா ஒரு நிலை, முத்திரை குத்தி, அலுவலக நேரத்தில. உலகத்தில எந்தத் திகில் எழுத்தாளரும் இப்பிடி ஒண்டைக் கற்பனை செஞ்சிருக்க மாட்டார். ஸ்டீபன் கிங் 1983இல 'கிறிஸ்டின்' எண்டு ஒரு நாவல் எழுதினார். காருக்குப் பேய் பிடிச்ச கதை. இலங்கையில வாகனத்துக்குப் பேய் பிடிக்கத் தேவையில்ல. வெள்ளை வேனா இருந்து, நம்பர் பிளேட் இல்லாட்டிப் போதும்.

ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பயம், ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு பேய். அம்மம்மா காலத்துப் பேய்களில எங்களுக்குப் பிடிச்சது கொத்திப்பேய். பிள்ளை பெத்த வீட்டைத் தேடி வரும், தாயையும் பிள்ளையையும் எடுக்கப் பாக்கும். வாசல்ல வேப்பிலை, தலைமாட்டில இரும்பு, ராவெல்லாம் விளக்கு. பிள்ளைப்பேறு எண்டா பாதிச் சாவு எண்டிருந்த காலத்தின்ட பேய் அது. 1940களுக்குப் பிறகு மருத்துவிச்சிகளும் ஆஸ்பத்திரிகளும் ஊருக்குள்ள வரவர இலங்கையில பிரசவ மரணம் வேகமாகக் குறைஞ்சது. கொத்தியும் வேலை இழந்துபோனா. கொள்ளிவாய்ப்பேயை மின்சாரம் கொன்றது. சதுப்பில அழுகிற செடிகொடியில இருந்து வாற வாயு எரியிறதுதான் அது எண்டு பள்ளிக்கூடத்திலயும் சொல்லித்தந்தாங்க. இப்ப படுவான்கரை வயலில ராக்காவலுக்குப் போறவங்களைக் கேட்டா, பேய் எல்லாம் இல்ல தம்பி, யானைதான் பயம் எண்டு சொல்லுவாங்க.

எங்கட தலைமுறைக்கும் ஒரு பேய் வந்திச்சு. அதுக்குப் பேர் கிறீஸ் பூதம்.

2011 ஓகஸ்ட். யுத்தம் முடிஞ்சு ரெண்டு வருசம். நாங்க எல்லாரும் ஆரம்பப் பள்ளிக்கூடப் பருவம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசின ஒரு மனிசன் ராவில வாறானாம். பிடிச்சா வழுக்கிருவானாம். விரலில பிளேட் கட்டியிருக்கானாம். சப்பாத்துக்கு அடியில ஸ்பிரிங் இருக்காம், மதிலைத் தாண்டிப் பாய்வானாம். பொம்புளைகளைத்தான் கீறுவானாம். எங்கட ஒழுங்கையில ஆறேழு வீட்டுப் பொம்புளைகளும் பிள்ளைகளும் ஒரே வீட்டில பாய் போட்டுப் படுத்தம். ஆம்புளைகள் பொல்லோட சந்தியில முழிச்சிருந்தாங்க. அந்த மாதம் முழுக்க எங்கட அக்காமார் ராவில கக்கூசுக்குத் தனியப் போகல்ல.

பெரிசான பிறகு தேடி வாசிச்சதில தெரிஞ்சது, இந்தப் பூதத்துக்குச் சொந்தக்காரர் உலகமெல்லாம் இருக்காங்க. 1837, 38இல லண்டனில ஸ்பிரிங் ஹீல்ட் ஜாக் எண்டு ஒருத்தன் மதில் பாய்ஞ்சு பொம்புளைகளை நகத்தால கீறினதாப் பத்திரிகைகள் எழுதிச்சு. 2001 மே மாதம் டெல்லியில குரங்கு மனிதன் வந்தான். வெக்கைக்கு மொட்டைமாடியில படுத்த சனம் அவனுக்குப் பயந்து ஓடிச்சு. பாய்ச்சல், நகம், இருட்டு எல்லாம் ஒண்டுதான்.

ஒரு வித்தியாசம் இருக்கு. லண்டனிலயும் டெல்லியிலயும் சனம் பொலிசைக் கூப்பிட்டுப் பிடிச்சுத்தாங்க எண்டது. இங்க சனம் பூதத்தைத் துரத்திக்கொண்டு போய் முகாம் வாசலிலயும் பொலிஸ் வாசலிலயும் நிண்டது. உள்ளதான் ஓடினவன், வெளிய விடுங்க எண்டது. கிண்ணியாவில, பொத்துவிலில, புத்தளத்தில, யாழ்ப்பாணம் நாவாந்துறையில அதுதான் நடந்திச்சு. புத்தளத்தில ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். நாவாந்துறையில சனத்தை அடிச்சு இழுத்துக்கொண்டு போனாங்க. அரசாங்கம் எல்லாத்தையும் வதந்தி எண்டது. அந்த மாதக் கடைசியோட பல வருசமா நீடிச்ச அவசரகாலச் சட்டம் முடிவுக்கு வந்திச்சு. பூதமும் போய்ச்சு. ஊர்ச்சனம் ரெண்டையும் சேர்த்துத்தான் இண்டைக்கும் கதைக்கும்.

பூதம் இருந்ததா இல்லையா எண்டு எங்களைக் கேக்கிறவங்களுக்கு எங்கட பதில் இதுதான். கீறல் பட்ட பொம்புளைகள் சொன்னதை வதந்தி எண்ட ஒரு சொல்லால மூடினாங்க. பேய்ப்படம் பாக்கிற எவருக்கும் இந்தக் காட்சி தெரியும். முதல்ல கண்டவள் சொல்லுவாள், வீட்டில ஒருத்தரும் நம்பமாட்டாங்க. 'கேம் ஓவர்' பாருங்க, 2019இல வந்தது. வாசலுக்கு வெளியில நிக்கிற கொலைகாரனை விட, "உனக்கு மனசு சரியில்ல" எண்ட சொல்லுத்தான் அதில கூடப் பயம்.

இன்னொரு விசயமும் அந்த ஓகஸ்ட்டில நடந்திச்சு. நாவற்குடாக்காரனும் காத்தான்குடிக்காரனும் அப்ப ஒருத்தரை ஒருத்தர் தெரியாத சின்னப் பொடியன்கள். ரெண்டு பேரும் இண்டைக்கும் சொல்லுற நினைவு ஒண்டுதான். ரெண்டு ஊர் எல்லையில ஆம்புளைகள் ராவில ரோச் லைட் அடிச்சு ஆளுக்காள் சிக்னல் குடுத்தாங்க. மூண்டு தரம் மின்னினா ஒண்டும் இல்ல, படுங்க எண்டு அர்த்தம். 1990இல நடந்ததுகளுக்குப் பிறகு ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பயந்த ரெண்டு ஊர், ஒரே பூதத்துக்குப் பயந்து ஒண்டா முழிச்சிருந்திச்சு. முகம் இல்லாத பேய் செஞ்ச நல்ல காரியம் அது.

எட்டு வருசத்துக்குப் பிறகு பயத்துக்கு ஒரு முகம் குடுத்தாங்க.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சு முப்பது பேரளவில செத்தாங்க. ஞாயிறு பள்ளி முடிஞ்சு முற்றத்தில நிண்ட பிள்ளைகள் அதில கனபேர். அண்டைக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் கேட்ட அழுகையை நாங்க எழுதப் போறதில்ல. அதுக்குப் பிறகு பஸ்ஸில ஒரு ஆள் வந்து பக்கத்தில இருந்தா எழும்பி நிக்கிற சனத்தைப் பாத்தம். பையைத் திறந்து காட்டு, தொப்பியைக் கழட்டு, எங்க போறாய், ஏன் போறாய். காத்தான்குடிக்காரன் ரெண்டு மாசம் டவுன் பக்கம் வரல்ல. போன் எடுத்தா "சும்மா இருக்கன்" எண்டு மட்டும் சொல்லுவான்.

வந்த அண்டைக்கு நாங்க 'த திங்' போட்டம். ஜோன் கார்பென்டர் 1982இல எடுத்த படம். அந்தாட்டிக்காவில ஒரு ஆராய்ச்சி முகாம். வேற்றுக்கிரக ஜந்து ஒண்டு ஆக்களை விழுங்கி அவங்களைப்போலவே உருவம் எடுக்கும். யார் மனிசன், யார் ஜந்து எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தரையும் கட்டிவச்சு இரத்தம் எடுத்துச் சோதிப்பாங்க. அந்த இடம் வந்தபோது நாங்க எல்லாரும் கதிரை நுனியில. அவன் மட்டும் சாஞ்சு இருந்து தேத்தண்ணி குடிச்சான். "எனக்கு இது பயமில்ல மச்சான், ரெண்டு மாசமா இதத்தான் பாத்துக்கொண்டிருக்கன்" எண்டான். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கல்ல. படம் ஓடி முடிஞ்சுது.

பேய்ப்படம் பாத்து என்னத்தைப் படிக்கிறீங்க எண்டு கேக்கிறவங்களுக்கு இதத்தான் சொல்லுவம். நல்ல திகில் கதை ஜந்துவை விட ஜந்துவைத் தேடுறவங்களைத்தான் கூடக் கவனமாகக் காட்டும். 1968இல வந்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்தில ராவு முழுக்கப் பிணங்களோட சண்டை பிடிச்சுத் தப்பின கறுப்பின மனிசனை, விடிஞ்ச பிறகு காப்பாத்த வந்த கூட்டமே பிணம் எண்டு நினைச்சுச் சுடும். அம்பது வருசத்துக்கு மேல ஆகின படம், அதால முடிவைச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டம்.

ரெண்டாவது அபிப்பிராயம், விஞ்ஞானக் கதை. "பேய் பிசாசை விட்டுட்டு விஞ்ஞானத்தைப் பாருங்க பிள்ளைகள்" எண்டு புத்தி சொல்லுற சேர்மார் இருக்காங்க. எங்களுக்கு ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சுஜாதாவின்ட 'கொலையுதிர் காலம்' வாசிச்சவங்களுக்குத் தெரியும், பேயா ஹோலோகிராமா எண்டு கணேஷும் வசந்தும் முழுக்க அடிபடுவாங்க. 'என் இனிய இயந்திரா'வில நாட்டுத் தலைவனே ஒரு ஒளிப்பிம்பம், குடிமக்களுக்குப் பேரும் வாழ்நாளும் அரசாங்கம் அளந்து குடுக்கும், அதுக்குள்ள ஜீனோ எண்ட ரோபோ நாய் எல்லாரையும் விடத் தெளிவாக யோசிக்கும். சோதனைச் சாவடியில அடையாள அட்டை காட்டி வளந்த எங்களுக்கு அந்த நாவல் எதிர்காலமாத் தெரியல்ல. நாயை மட்டும்தான் புதுசாக் கண்டம்.

இலங்கையில விஞ்ஞானக் கதை எண்டா ஆதர் சி. கிளார்க். 1956இல இங்க வந்து குடியேறி வாழ்ந்தவர். எங்களுக்கு அவரில ஒரு தனி உரிமை இருக்கு, ஏனெண்டா கிழக்குக் கடலுக்குள்ள இறங்கினவர். திருகோணமலையில கோணேசர் கோயில் மலைக்குக் கீழ, போர்த்துக்கேயர் இடிச்ச பழைய கோயிலின்ட தூண்கள் கடலுக்கடியில கிடந்ததைப் பாத்து 1957இல புத்தகமே எழுதினார். சுஜாதா 2008 பெப்ரவரி 27, கிளார்க் 2008 மார்ச் 19. மூண்டு கிழமை இடைவெளியில ரெண்டு பேரும் போய்ச் சேந்தாங்க. அப்ப எங்களுக்கு அவங்க யார் எண்டே தெரியாது.

கிளார்க் 1979இல எழுதின 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில, பூமியில இருந்து 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஒரு லிப்ட் கட்டுவாங்க. பூமத்திய ரேகையில கட்டினாத்தான் சரிவரும் எண்டு இலங்கையையே 800 கிலோமீற்றர் தெற்கால தள்ளிவச்சு எழுதினார். சிவனொளிபாத மலையை வச்சு எழுதின அந்த லிப்டை எங்கட படுவான்கரைக்காரி வாசிச்சிட்டு ஒரு கணக்குச் சொன்னா. அந்த நாவல் வந்து 35 வருசத்துக்குப் பிறகுதான், 2014இல, மண்முனையில வாவிக்குக் குறுக்கால பாலம் வந்திச்சு. அது வரைக்கும் அவட ஊராக்கள் ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டாலும் பாதை வரும்வரைக்கும் துறையடியில காத்து நிண்டவங்க. வயித்துவலியோட நிக்கிற ஒருத்திக்கு அக்கரை எண்டது நிலாவை விடத் தூரம். எங்கட ஊரில இருந்து ஒரு விஞ்ஞானக் கதை வாறதெண்டா அது அந்தத் துறையடியில இருந்துதான் தொடங்கவேணும் எண்டா. நாங்க ஒத்துக்கொண்டம்.

விஞ்ஞானம் எண்ட சொல்லைக் கண்ணை மூடி நம்பவும் எங்களால ஏலாது. 2020 ஏப்ரலில இருந்து 2021 பெப்ரவரி வரைக்கும் கொரோனாவில செத்த எல்லாரையும் எரிக்கவேணும் எண்டு அரசாங்கம் நிண்டது. புதைச்சா நிலத்தடித் தண்ணியில கிருமி பரவும் எண்டதுக்கு விஞ்ஞானம் எண்டு பேர் வச்சாங்க. உலக சுகாதார அமைப்பு புதைக்கலாம் எண்டு சொல்லியிருந்தது. பச்சைக் குழந்தையைக்கூட விடல்ல எண்டு நாடே அழுதது. கடைசியில அனுமதி கிடைச்சபோது நாடு முழுக்க இருந்து உடம்புகள் வந்தது எங்கட மாவட்டத்துக்கு, ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு. 3,000க்கும் மேற்பட்டவங்க அங்க அடக்கம். 2024 ஜூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. பேய்க்கதையை விஞ்ஞானம் எண்டு சொல்லி வித்தா அதுதான் எல்லாத்தையும் விட மோசமான பேய்க்கதை.

இவ்வளவும் சொல்லிட்டு ஒரு சந்தோசமான விசயமும் சொல்லவேணும். எங்கட ஊர் ஒரு விஞ்ஞானக் கதைக்கும் திகில் கதைக்கும் எல்லாத்தையும் தயாரா வச்சிருக்கு.

கடலை எடுங்க. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் மட்டக்களப்புக் கடலில ஹேர்மஸ் எண்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்டது. முந்நூறு பேருக்கு மேல அதோட போனாங்க. கப்பல் இண்டைக்கும் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில கிடக்கு, சுழியோடிகள் வெளிநாட்டில இருந்து பாக்க வாறாங்க. அண்டைக்கு அதோட துணைக்குப் போன அவுஸ்திரேலியக் கப்பல் ஒண்டும் தாண்டது. அந்தக் கப்பலின்ட பேர் வாம்பயர். ஓம், இரத்தக்காட்டேரி. கடலுக்குப் போற எங்கட கூட்டாளியின்ட அப்பாவிட்ட இதச் சொன்னம். "அதான் அங்க வலை கிழியிறது" எண்டு ஒரே வரியில கதையை முடிச்சிட்டார்.

கரையை எடுங்க. 2004 சுனாமிக்குப் பிறகு சரிஞ்ச கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம். கொக்கட்டிச்சோலையை எடுங்க. போர்த்துக்கேயத் தளபதி கேலி பண்ணின அண்டைக்குக் கல்நந்தி எழும்பிப் புல்லுத் திண்டதாம் எண்ட கதை, எங்கட ஊரின்ட முதல் ரோபோக் கதை எண்டு நாங்க சண்டை பிடிப்பம்.

வாவியை எடுங்க. 1848இல எமர்சன் டெனன்ட் எண்ட பிரித்தானிய அதிகாரி இங்க வள்ளத்தில போய்த் தண்ணிக்குள்ள இருந்து வாற சத்தத்தைக் கேட்டு எழுதிவச்சார். மீனவர்கள் அவருக்கு மீனைக் காட்டல்ல, ஊரியைத்தான் காட்டினாங்க. நூறு வருசத்துக்குப் பிறகு லாங் எண்ட அமெரிக்க இயேசுசபைத் துறவி அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தார். மீனா ஊரியா எண்ட வாதம் இண்டைக்கும் தேத்தண்ணிக்கடையில நடக்கும். வானத்தில இருந்து வாற சிக்னலுக்கு உலகம் பெரிய பெரிய தட்டுகளைத் திருப்பி வச்சிருக்கு. எங்களுக்குத் தண்ணிக்குள்ள இருந்து ஒண்டு வருது, யார் அனுப்புறாங்க எண்டு தெரியாது, நாங்க அதுக்கு மீன்பாடும் தேன்நாடு எண்டு பேர் வச்சுப் பெயர்ப்பலகையில எழுதிட்டுப் போயிட்டம்.

அதால இந்த வருசம் ஒரு வேலை தொடங்கியிருக்கம். வயசான ஆக்களிட்ட பேய்க்கதை கேட்டுப் போனில பதியிறம். கொத்தி, குறளி, உச்சி நேரத்துக் காட்டேரி, காத்தான்குடி மூத்தம்மாமார் சொல்லுற ஜின் கதைகள் எல்லாம். விதி மூண்டுதான். இடையில குறுக்கிட்டு "அப்பிடி இருக்காதே" எண்டு சொல்லக்கூடாது. சொல்லுற சொல்லைத் திருத்தக்கூடாது. கதை தானா நிண்டு, சொல்லுறவங்க சேலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சா, போனை நிப்பாட்டிட்டுப் பக்கத்தில இருக்கவேணும். மூண்டாவது விதி நாங்க நினைச்சதை விட அடிக்கடி தேவைப்படுது.

உங்கட வீட்டிலயும் ஒரு அம்மம்மா இருப்பா, ஒரு மூத்தம்மா இருப்பா. அவங்களோட சேந்து அந்தப் பேய்களும் போயிரும். ஒரு பேய் எப்பிடி வந்திச்சு எண்டு கேட்டாப் போதும். அந்தக் காலத்தில சனம் எதுக்குப் பயந்துச்சு, எத வாய்விட்டுச் சொல்ல ஏலாம இருந்துச்சு எண்டு தானா வரும்.

வாற முழுநிலாவுக்குக் கல்லடிப் பழைய பாலத்தடியில வள்ளம் சொல்லியிருக்கம். இடம் இன்னும் ரெண்டு பேருக்கு இருக்கு. துடுப்பின்ட ஒரு நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியைக் காதில வைக்கவேணும், பிறகு ஒருத்தரும் கதைக்கக்கூடாது.